கணிப்புக்குக் காசு வேண்டாம், பட்டத்துக்குக் கேலி வேண்டாம்: நம் மலையகச் செஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் செஸ் ரசிகர் குழுவின் அட்மின்மாருக்கும், அதில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, கையெழுத்துத் தெரியும். 2022இலிருந்து நம் கணிப்பு விளையாட்டுக்குப் புள்ளி எழுதி, ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகு அந்த சி.ஆர். கொப்பியைப் படம் பிடித்து அனுப்பி வந்த டீச்சர் நான்தான். போன டிசம்பரில் கொப்பியை மூடிவிட்டேன். ஏன் என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். டீச்சருக்குக் கோபம் என்று சிலர் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் வாசிக்கும்படி ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு கடைசி வரை வாசியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நாம் எப்படித் தொடங்கினோம் என்று தெரியாது. 2022 ஜூலை கடைசி. இலங்கையில் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கரண்ட் எப்போது போகும் என்று அட்டவணை பார்த்து வாழ்ந்த நாட்கள். அந்த நேரத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஹட்டனில் இரண்டு பேர், தலவாக்கலையில் ஒருவர், பண்டாரவளையில் ஒரு அக்கா, பொகவந்தலாவைப் பக்கத்தில் நான் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் 'யார் வெல்வார்' என்று எழுதத் தொடங்கினோம். ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தோம். வெல்பவரின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுத வேண்டும்.

அந்த ஒலிம்பியாடில் எங்கள் கணிப்பெல்லாம் தலைகீழானது. தரவரிசையில் முதலில் நின்றது அமெரிக்கா, நாங்களும் அதையே எழுதினோம். தங்கம் வாங்கியது 14ஆவது இடத்தில் இருந்து விளையாடத் தொடங்கிய உஸ்பெகிஸ்தான், அதுவும் பாதிக்கு மேல் இளம் பையன்களை வைத்துக்கொண்டு. இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வாங்கியது. அந்த அணியின் முதல் பலகையில் 16 வயதுக் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்றான். எங்களில் ஒருவர்கூட அப்படி நடக்கும் என்று எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் 'ஏன் தவறியது' என்று பேசியதில் நான் கற்றுக்கொண்ட செஸ், அதற்கு முன் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டதைவிடக் கூட. பரிசு என்று எதுவும் கிடையாது. முதலில் வந்தவருக்கு எல்லோரும் கைதட்டுகிற படம் அனுப்புவோம், அவ்வளவுதான்.

அதே ஆட்கள்தான் 2024 டிசம்பர் 12ஆம் திகதியும் இருந்தோம். உலகச் சாம்பியன் போட்டி, சிங்கப்பூர், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் 14ஆவது ஆட்டம், புள்ளி ஆறரைக்கு ஆறரை. எங்கள் வாசிகசாலையில் என்னிடம் செஸ் படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசிகசாலைக்குள்ளே சிக்னல் ஒரு கோடுதான், அதனால் போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தோம். வெளியே பனி மூடிவிட்டது. நம் குழுவில் எல்லோரும் சமன், நாளைக்கு டை பிரேக் (சமனை முறிக்கும் வேக ஆட்டங்கள்) என்றே எழுதியிருந்தார்கள், நானும்தான். கறுப்புக் காயில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், இரண்டு பேரிடமும் ஒரு கோட்டை, ஒரு மந்திரி. டிங் லிரெனின் மந்திரி ஏ8 மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. 55ஆவது நகர்வில் அவர் கோட்டையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு சின்னவள் மட்டும் மெதுவாக, 'டீச்சர், கோட்டையைக் கோட்டையால வெட்டிட்டு மந்திரியையும் மாத்திக்கிட்டா பிறகு சிப்பாய் மட்டும்தானே மிஞ்சும்?' என்றாள்.

குகேஷும் அதைத்தான் பார்த்தான். கோட்டைகள் போயின, மந்திரிகள் போயின, 58ஆவது நகர்வுக்குப் பிறகு டிங் கை கொடுத்தார். 18 வயதில் உலகச் சாம்பியன். எங்கள் எல்லோருடைய கணிப்பும் பிழையாய்ப் போன அந்த மாலையில் வாசிகசாலையில் இருந்த சத்தத்தை நான் மறக்க மாட்டேன். ஆட்டம் முடிந்து, அழுகையை அடக்க முடியாத அந்த நிலையிலும் அவன் காய்களையெல்லாம் திரும்ப அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகளும் இப்போது ஆட்டம் முடிந்தால் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழும்புகிறார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சின்னவளைப் பற்றித்தான் இந்த மடல். அவளோடு இன்னொரு பையனையும் பற்றி.

காசு எப்போது உள்ளே வந்தது என்று நாள் குறித்துச் சொல்ல என்னால் முடியாது. முதலில் வென்றவருக்கு 50 ரூபாய் ரீலோட் என்றார்கள், நானும் சரி என்றேன், அது என் பிழை. பிறகு ஆளுக்கு 100 போட்டு முதலில் வருகிறவர் எடுப்பது என்றானது. பிறகு சுற்றுக்கு 100. 2025 நவம்பரில் கோவாவில் உலகக் கிண்ணம் நடந்தபோது ஆட்டத்துக்கு ஆட்டம் காசு வந்துவிட்டது. காரணம் எழுதும் விதி எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 2023இல் ஒரு பக்கத்துக்கு நான்கு கணிப்புத்தான், மீதி இடமெல்லாம் காரணம். கோவாவுக்கு வந்தால் ஒரு பக்கத்தில் முப்பது பெயர், முப்பது தொகை, ஒரு வரி செஸ்கூட இல்லை.

அந்தக் கிண்ணத்தில் முதல் மூன்று தரவரிசையும் குகேஷ், அர்ஜுன், பிரக்ஞானந்தா. நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று பேர் மேல் கட்டினார்கள். குகேஷ் மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரடெரிக் ஸ்வானேயிடம் போனான், பிரக்ஞானந்தா நான்காம் சுற்றில் டூபோவிடம், அர்ஜுன் காலிறுதியில் வெய் யீயிடம். கிண்ணத்தை எடுத்தது 16ஆவது இடத்தில் இருந்த உஸ்பெகிஸ்தான் பையன் சிந்தாரோவ், 19 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் மாமல்லபுரத்தில் நம்மை வியக்க வைத்த அதே அணியில் இருந்தவன்தான்! அதை யாராவது பேசினோமா? இல்லை. யாருடைய காசு போனது, யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதுதான் பேச்சு.

குகேஷ் தோற்ற இரண்டாம் நாள் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார், விரல் நுனியெல்லாம் கறுத்த கறை, இடுப்பில் கட்டிய ரப்பர் சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. மகனுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருடம் சாதாரண தரம். போனில் வகுப்புக்கென்று போட்டுக் கொடுத்த ரீலோட் காசு இரண்டு கிழமையில் 1500 ரூபாய் எங்கேயோ போயிருக்கிறது. அவன் 'செஸ் டீச்சரோட கேம்' என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. போனை நீட்டி, 'இது என்ன கேம் டீச்சர், புள்ள நல்லா வருமா இதுல?' என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. செஸ் படித்தால் பிள்ளை நன்றாக வரும் என்று நான்தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்? அதே நம்பிக்கையில்தான் கேட்டார்.

நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருந்த சனம் நாம். அந்த 1000 ரூபாய்க்கு எத்தனை ஊர்வலம், எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருந்தோம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அடுத்து வருவது கேண்டிடேட்ஸ், உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தெரிவு செய்யும் போட்டி. எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருடன் இரண்டு தடவை, 14 சுற்று, மொத்தம் 56 ஆட்டம். இப்போது நீங்கள் வைத்திருக்கும் கணக்கில் ஆட்டத்துக்கு 100 என்றால் ஒரு பிள்ளை 5600 ரூபாய் வரை இறக்கலாம். இது யார் காசு என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எழுதுவதற்கே மனம் வரவில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் மலைகள் சரிந்தன. எங்கள் பக்கம் மூன்று நாள் சிக்னல் இல்லை, கரண்ட் இல்லை. யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாத நாட்கள். சிக்னல் வந்து போனைத் திறந்தபோது நம் குழுவில் முதலில் கண்ணில் பட்டது, உலகக் கிண்ணத்துக்குச் சேர்ந்த காசை எப்போது பிரிப்பது என்ற கேள்வி. கேட்டவரைக் குறை சொல்லவில்லை, அவர் கண்டியில் பத்திரமாக இருந்தார், இங்கே நடந்தது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே எட்டுப் பேர் தொகையைப் பற்றியே பதில் எழுதியிருந்தார்கள். அன்றைக்குத்தான் கொப்பியை மூடினேன்.

சரி, இப்போது அந்தச் சின்னவள். குகேஷின் ஆட்டத்தில் மந்திரியை மாற்றலாம் என்று சொன்னாளே, அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன வருடம் முதல் தடவையாக ஃபிடே ரேட்டிங் வந்தது, அதாவது சர்வதேச செஸ் கூட்டமைப்பு ஒருவரின் ஆட்ட பலத்துக்குக் கொடுக்கும் புள்ளி, 1500க்குக் கொஞ்சம் மேல். அந்த மாதம் ஒன்றாம் திகதி பட்டியலில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு நானும் அவளும் வாசிகசாலையில் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தோம். அன்று இரவு அம்மாவின் போனிலிருந்து நம் குழுவில் அவள் ஒரு வரி எழுதினாள்: 'எனக்கு ஒரு நாள் சி.எம். ஆகணும்.' சி.எம். என்றால் கேண்டிடேட் மாஸ்டர், ஃபிடே கொடுக்கும் ஒரு பட்டம்.

அதற்கு வந்த பதில்களை நான் திரும்ப எழுதப் போவதில்லை, எழுதியவர்களுக்கே தெரியும். சி.எம். ஒரு பட்டமா, கலந்துகொண்டாலே கொடுப்பதுதானே, ஆசைப்படுவது என்று வந்தால் பெரிதாக ஆசைப்படு என்றெல்லாம். கடைசியாக ஒருவர், 'நம்ம குழுவிலயே நாலு ஜி.எம். இருக்கோம், நாங்க தர்றோம் பட்டம்' என்று எழுதினார். அதற்கு அடுத்த நாள் அவள் குழுவில் இல்லை.

'நாலு ஜி.எம்.' என்றது கணிப்பு விளையாட்டில் முதலிடம் வந்த நான்கு பேரை. விளையாட்டாக வைத்த பெயர்தான், தெரியும். முதலில் வருகிறவர் ஜி.எம். (கிராண்ட்மாஸ்டர்), அடுத்தவர் ஐ.எம். (இன்டர்நேஷனல் மாஸ்டர்), பிறகு எஃப்.எம். (ஃபிடே மாஸ்டர்), கடைசியில் நிற்பவர் சி.எம். ஆனால் அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து சி.எம். என்றால் நம் குழுவில் தோற்றவனுக்கு வைக்கும் பெயராகிவிட்டது. ஒரு பிள்ளை உண்மையான சி.எம். பட்டத்தைச் சொன்னபோது உங்கள் காதில் அந்தக் கேலிப் பெயர்தான் விழுந்தது.

அதனால் உண்மையான பட்டம் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிடே 1950இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது உலகம் முழுவதும் 27 பேருக்குத்தான் கொடுத்தது. எஃப்.எம். 1978இல் வந்தது, சி.எம். 2002இல். ஜி.எம். ஆக 2500 ரேட்டிங்கும் மூன்று நோர்மும் வேண்டும், ஐ.எம். ஆக 2400ம் நோர்மும். நோர்ம் என்பது வெளிநாட்டு ஆட்களும் பட்டம் பெற்றவர்களும் இருக்கிற போட்டியில், பெரும்பாலும் ஒன்பது சுற்று, அந்தப் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடிக் காட்டுவது. எஃப்.எம். ஆக 2300, சி.எம். ஆக 2200, இவற்றுக்கு நோர்ம் தேவையில்லை. சில மண்டல, கண்டப் போட்டிகளில் முன்னுக்கு வந்தால் நேரடியாகவும் கிடைக்கும், 'சும்மா கொடுப்பது' என்று நீங்கள் சொல்வது அதைத்தான். அதுவும் போய் ஆடி வாங்குவதுதான், வீட்டுக்கு யாரும் கொண்டுவந்து தருவதில்லை. வாங்கிய பட்டம் ஆயுள் முழுக்க நிற்கும், பிறகு ரேட்டிங் இறங்கினாலும் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

2200 என்றால் என்ன என்று எங்கள் லயன் வாசலில் இருந்து பாருங்கள். அவள் நிற்பது 1500இல், இன்னும் 700 புள்ளி. அவள் வயதில் ஒரே பலமுள்ள ஆளை வென்றால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 போகும். அப்படியென்றால் தோல்வியையெல்லாம் ஈடுகட்டிய பிறகு 35 வெற்றி கையில் மிஞ்ச வேண்டும், அதுவும் ஏற ஏற எதிரில் வருகிறவர்களும் பலமாகிக்கொண்டே போவார்கள். ரேட்டிங் கிடைக்கும் போட்டி பெரும்பாலும் கொழும்புப் பக்கம். முந்தின இரவே இங்கிருந்து புறப்பட வேண்டும், ஹட்டனில் பஸ் மாற வேண்டும், பெண் பிள்ளை என்பதால் கூட ஒருவர் போக வேண்டும், அந்த ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் இல்லை. நுழைவுக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு வேறு. வருடத்துக்கு மூன்று போட்டி அனுப்ப முடிந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய காரியம். இந்த நாட்டில் இன்னும் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. அப்படிப்பட்ட நாட்டில், அதிலும் இந்த மலையில், ஒரு பிள்ளை 2200க்கு ஆசைப்படுவது சின்ன ஆசையா? எனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று தெரியவில்லை.

ஃபிடே நம் நாட்டைச் சேர்த்திருக்கும் 3.2 மண்டலத்தில் வங்காளதேசமும் இருக்கிறது. தெற்காசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 1988இல். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1987இல், டாக்காவின் நியாஸ் முர்ஷெத் அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டார். பெரிய நாடு, பெரிய காசு என்ற கணக்கு அன்றைக்கே பிழையாகிவிட்டது.

பட்டத்தைப் பார்த்துக் கணிப்பு எழுதும் பழக்கமும் எவ்வளவு பிழை என்பதற்கு நம் கொப்பியிலேயே சாட்சி இருக்கிறது. 2025 ஜூலையில் பட்டூமியில் பெண்கள் உலகக் கிண்ணம். திவ்யா தேஷ்முக்குக்கு அப்போது 19 வயது, ஐ.எம்., தரவரிசையில் 15. கையில் ஒரு ஜி.எம். நோர்ம்கூட இல்லை. நம் ஆட்களில் ஒருவர் எழுதியது இன்னும் என் கொப்பியில் இருக்கிறது: 'ஐ.எம். தானே, நாலாம் சுற்றில் வீட்டுக்கு.' நாலாம் சுற்றில் அவள் இரண்டாம் தரவரிசையில் இருந்த ஜு ஜினரை வெளியேற்றினாள். பிறகு ஹரிகா, பிறகு முன்னாள் பெண்கள் உலகச் சாம்பியன் டான் ஜோங்யி. இறுதியில் ஹம்பி, 2002இல் 15 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். திவ்யா டை பிரேக்கில் வென்றாள், அந்த வெற்றியோடு ஜி.எம். பட்டமும் நேரடியாக வந்தது. நோர்ம் ஒன்றும் இல்லாமல் உள்ளே போய்க் கிராண்ட்மாஸ்டராக வெளியே வந்தாள். எங்கள் பிள்ளைகள் அந்தக் கிழமை முழுக்க அதைத்தான் பேசினார்கள். காசு கட்டியவர்களுக்கு அது வெறும் நட்டம்.

பெண்களுக்குத் தனிப் பட்டம் தேவையா என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. அது நல்ல பேச்சு. பெண்களுக்கான கிராண்ட்மாஸ்டர் பட்டமான டபிள்யூ.ஜி.எம். ஆக 2300ம் நோர்மும் போதும், அது ஐ.எம். அளவைவிடக் குறைவு, அதனால் அது பெண்களைக் கீழே வைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஹங்கேரியின் யூடிட் போல்கார் ஆண்களும் ஆடும் பொதுப் போட்டிகளில் ஆடி ஜி.எம். ஆனவர். தொடங்குகிற பிள்ளைக்கு நடுவில் ஒரு படி வேண்டும் என்பவர்களும் உண்டு, நான் அந்தப் பக்கம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இதை வாதாடலாம், ஆனால் பெரியவர்கள் நமக்குள் வாதாடுவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு வரிக்குக் கீழே அல்ல.

அப்புறம், கணிப்பு விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது உயிர். ஒழுங்காக விளையாடினால் செஸ் பார்க்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. ரேட்டிங்கையே எடுங்கள். அதைக் கணக்கிடும் முறையை உண்டாக்கிய ஆர்பாட் ஈலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தவர். 1970இல் ஃபிடே அதை ஏற்றது. அந்த முறையில் 100 புள்ளி கூடுதலாக உள்ளவருக்கு ஒரு ஆட்டத்தில் எதிர்பார்ப்பது 0.64, 200 கூடினால் 0.76. இதைப் பார்த்ததும் 'நூற்றுக்கு 64 தடவை வெல்வார்' என்று நம் ஆட்கள் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, அதற்குள் சமனும் இருக்கிறது, ஒவ்வொரு சமனுக்கும் அரைப் புள்ளி. சிங்கப்பூரில் 14 ஆட்டத்தில் ஒன்பது சமன். முதல் ஆட்டத்திலேயே, பெரும்பாலானோர் தோற்பார் என்று சொன்ன டிங், கறுப்புக் காயோடு வென்றார். யார் பெயரைச் சொல்வது என்பதைவிட, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதுதான் கணிப்பின் சாரம்.

வாசிகசாலையில் நான் பிள்ளைகளோடு செய்வது இப்படி. ஆளுக்குப் பத்துத் தேயிலை விதை கொடுப்பேன். மூன்று சிரட்டை: வெள்ளை, சமன், கறுப்பு. தங்கள் நம்பிக்கைக்கு ஏற்றபடி விதையைப் பிரித்துப் போட வேண்டும், பிறகு ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று சொல்ல வேண்டும். 'இவன் வெள்ளைக் காயில ஆடுறான், போன மூணு ஆட்டமும் சமன், அதனால சமனுக்கு அஞ்சு' என்று ஒன்பது வயதுப் பையன் சொல்லும்போது அவன் உண்மையிலேயே ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பத்தையும் ஒரே சிரட்டையில் போடுகிற பிள்ளை இரண்டு கிழமையில் தானாகவே அதை விட்டுவிடும். விதை தீர்ந்தால் யாருடைய வீட்டிலும் ரீலோட் குறையாது.

அட்மின்மார் செய்ய வேண்டியது என்று நான் கேட்பது இதுதான். கேண்டிடேட்ஸ் தொடங்குமுன் காசை நிறுத்துங்கள், குறைப்பது இல்லை, முழுதாக நிறுத்துவது. உலகக் கிண்ணத்துக்குச் சேர்ந்த காசு இன்னும் பிரிக்கப்படாமல் ஒருவரிடம் இருக்கிறது. அதில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போட்டதை அவரவர் அம்மா அப்பாவிடம் திருப்பிக் கொடுங்கள், யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது என் கொப்பியில் தெளிவாக இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன். மீதியை வென்றவர்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. காரணம் எழுதாத கணிப்புக்கு இனிப் புள்ளி வேண்டாம், ஒரு வரி போதும், பிழையான காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. கரண்ட் போய், சிக்னல் போய் நேரத்துக்கு அனுப்ப முடியாதவர் பிறகு அனுப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். டயகமவில் இருக்கும் பிள்ளைக்கும் கண்டி நகரத்தில் இருக்கும் அண்ணனுக்கும் ஒரே கடிகாரம் வைப்பது நியாயம் இல்லை. ஏமாற்றிவிடுவார்கள் என்பீர்கள், காசு இல்லாத இடத்தில் எதற்கு ஏமாற்றுவது?

கணிப்பில் வருகிறவர்களுக்கு ஜி.எம்., ஐ.எம். என்று பெயர் வைப்பதையும் எடுத்துவிடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் விருப்பப்படி வேறு எந்தப் பெயரும் வையுங்கள். அந்த எழுத்துகள் அதற்காக வருடக்கணக்கில் பஸ் ஏறியவர்களுக்கு உரியவை.

இவ்வளவும் நடந்தால் கொப்பியைத் திரும்பத் திறக்கிறேன். புதுக் கொப்பி வாங்கியும் வைத்துவிட்டேன், 160 பக்கம், 56 ஆட்டத்துக்கும் காரணம் எழுத இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தப் பதில்களை எழுதியவர்களில் யாராவது அவளுக்கு இரண்டு வரி எழுதினால் நல்லது. மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், 'வா தங்கச்சி' என்றாலே போதும். எனக்கு அனுப்புங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன். அவளுக்கு அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது, சனிக்கிழமை முதல் சுற்று, வெள்ளி இரவு பஸ். இந்தத் தடவை கூடப் போவது நான்தான். அவள் கையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும், தன் ஆட்டங்களுக்குத் தானே முன்கூட்டிக் கணிப்பு எழுதிக்கொள்கிறாள், காரணத்தோடு. முதல் சுற்றுக்கு இப்போதே எழுதிவிட்டாளாம், எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து
உங்கள் கொப்பி டீச்சர்